நண்பருக்கு ஒரு மனு

அலுவலகக் கதவு பாதி சாத்தியிருந்தபோது டேரில் ஹோக்கன் ஓடி வந்து கதவிடுக்கில் காலை நுழைத்தான்.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் உதவி அலுவலர் ஆர்லன் குவிஸ்ட் கடிகாரத்தைக் காட்டினார். நாலு இருபது. "நாளைக்கு வாய்யா" என்று கத்தினார். எழுபத்தாறு வயதிலும் சார்ஜன்ட் குரல்.

"நாளைக்கு லேட்டு. அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடுது. ஒருத்தர்கிட்ட இருந்து வண்டிச் சாவியை வாங்கப் போறாங்க. காது டெஸ்டுக்கு மனு போட்டாச்சுன்னு காட்டினா, காது மெஷின் வந்ததும் சாவியைத் திருப்பிக் குடுப்பாங்க. இல்லைன்னா இன்னையோட சரி."

"யாருக்கு? உனக்கா?"

"நண்பருக்கு."

ஆர்லன் சிரித்துவிட்டார். "இங்க வர்ற எவனும் தனக்குன்னு கேட்டதில்ல. எல்லாம் நண்பருக்குத்தான். உட்காரு."

அவர் படிவத்தை எடுத்தார். இந்த மேஜையில் இதுவரை இருநூறு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்; ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"பேரு?"

"அது கடைசியில. அவர் இன்னும் சம்மதிக்கல."

"ஆமாமா, சம்மதிக்க மாட்டார்." ஆர்லன் கண்ணடித்தார். "எந்தப் படை?"

டேரில் குனிந்து பையில் எதையோ தேடியபடி பதில் சொன்னான்.

"முகத்தைப் பாத்துப் பேசுய்யா. பட்டாளத்துல இதான் கத்துக் குடுத்தாங்களா?"

டேரில் நிமிர்ந்தான். "பீரங்கி."

"எங்க ஆளு. பீரங்கிக்காரனுக்குக் காது போகலைன்னாதான் அதிசயம். சிகரெட் ஃபில்டரைக் கிள்ளிக் காதுல செருகிக்கிட்டு நாள் பூரா சுடுவோம். சரி, எவ்வளவு மோசம்?"

"போன வாரம் லெவல் கிராசிங்ல மக்காச்சோளம் ஏத்தின கூட்ஸ் வந்துச்சு. விடாம ஊதினான். இவர் பாட்டுக்கு வண்டியைக் குறுக்கே விட்டுட்டார். ஒரு கார் நீளம்தான் இடைவெளி. வண்டியில வேற ரெண்டு பேர் இருந்தாங்க. ரயில் வந்ததே இவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ஆர்லனின் பேனா நின்றது. "சாவியைப் பிடுங்க வேண்டியதுதானே?"

"அந்த வண்டி போனா அவருக்கு வேற எதுவுமே இல்ல. சம்சாரம் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு."

"இவ்வளவு நாள் ஏன் மனு போடலையாம்?"

"கை கால் போனவங்களே வரிசையில நிக்கறாங்க, எனக்கெதுக்குங்கறார்."

"முட்டாள். அவன் போடலைங்கறதுக்காக அடுத்தவனுக்கு ஒரு கால் முளைக்குமா?" ஆர்லன் பக்கத்தைத் திருப்பி வேகவேகமாக நிரப்பினார். "பெரிய தியாகின்னு நெனப்பு. வண்டியில உக்காந்திருந்தவங்க உயிரு இவனுக்குத் தியாகம் பண்ணவா? டிஸ்சார்ஜ் பேப்பர் எங்க?"

"உங்க அலமாரியிலயே நகல் இருக்கு."

"நம்ம மெம்பரா?" அவர் மறுபடியும் கண்ணடித்தார். "இருக்கும், இருக்கும். போன மாசம் சேர்றப்பக் குடுத்ததுதானே. இங்க பாரு, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆம்பளையா லட்சணமா கையெழுத்துப் போடச் சொல்லு, அந்த நண்பனை."

"நீங்க சொன்னா கேப்பார்ங்கறீங்களா?"

"கேக்காம எங்க போவான்? மனு இப்பவே ஃபேக்ஸ்ல போயிடும். நான் பொறுப்பு."

முத்திரை விழுந்தது. நாலு நாற்பத்தெட்டு. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலி. ஆர்லன் பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு, டேரிலின் வாயையே பார்த்தார்.

"இப்பவாவது பேரைச் சொல்லு."

டேரில் ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னான்.

"போன வியாழக்கிழமை சங்கத்து வண்டியில எங்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனது நீங்கதான், சார்ஜன்ட்."