உச்சந்தலை

செண்பகவல்லி கேட்டது, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு முதல் ஏர்கன். கடைக்காரர் ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்து, குழலை மடக்கி, உள்ளே ஸ்பிரிங் இறுகுவதைக் காட்டினார்.

"கூட்டிட்டு வந்திருந்தா தோள்ல வச்சே பாத்திருக்கலாம்மா. பொண்ணு எவ்வளவு உயரம்?"

அவள் கை தானாக இடுப்பருகே போய் நின்றது. கோர்ட் வாசலில் அப்பாவின் காரில் ஏறிப் போனபோது மகள் அந்த உயரம்தான். அதற்குப் பிறகு போனில் குரல் மட்டும். துப்பாக்கி சுடும் டீமில் சேர்ந்துவிட்டதைச் சொன்னதும் அந்தக் குரல்தான்.

"எட்டாவதுன்னு சொன்னீங்களேம்மா?"

கை நெஞ்சுக்கு ஏறியது. அங்கும் நிற்கவில்லை.

"இருங்க, சொல்றேன்" என்றாள்.

தோளைத் தாண்டிக் காதருகே போன கை, ஓர் உச்சந்தலையைத் தேடி வெறுங்காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.