ஈடாகாத பாடம்

“நான் வாயே திறக்க மாட்டேன். எல்லாத்தையும் நீயே பேசிக்கோ,” என்றாள் செலோ சித்தி, பல்கலைக்கழக வாசலில் காரை நிறுத்தியபடி. வழி நெடுக இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மரிபெல்லுக்குச் சிரிப்பு வரவில்லை. நர்சிங் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று, பாதாம் ஆலையில் சித்தியோடு வேலை செய்யும் பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்களாம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். ஊர்க் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தாயிற்று. அங்கே முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தால் நேராக மூன்றாம் வருடத்தில் போய் உட்காரலாம்.

உயிரியல் சேர்ந்தது, வேதியியல் சேர்ந்தது, ஆங்கிலமும் சேர்ந்தது. புள்ளியியல் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

கிரெடிட்டுகளை மதிப்பிடும் அதிகாரி திருமதி ஹால்வர்சன் இருவரையும் மரியாதையாக உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே ஓர் உடன்பாடு இருக்கிறது. அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதை அதுதான் சொல்லும். மரிபெல்லின் கல்லூரி சென்ற வருடம் புள்ளியியல் பாடத்தை மாற்றி அமைத்துவிட்டது. மாற்றிய பாடத்தை இவர்கள் இன்னும் பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை.

“அதனால அந்தப் பாடத்துக்கு ஆர்டிகுலேஷன், அதாவது இணைப்பு, இல்லம்மா. கிரெடிட் உண்டு, ஆனா விருப்பப் பாடமாத்தான் போகும். நர்சிங்குக்குக் கட்டாயமா வேணுங்கற புள்ளியியலா அதை எடுத்துக்க முடியாது.”

புள்ளியியலை மறுபடி படித்துவிட்டு அடுத்த வருடம் வரலாம் என்றார். அதுவரை தன் இடம் இருக்குமா என்று மரிபெல் கேட்டாள். இருக்காது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

சித்தியின் மௌனம் அத்தோடு கலைந்தது.

“எங்க ஸ்பானிஷ் பாஷையில ஆர்டிகுலேஷன்னா மூட்டு, மேடம். எனக்கு முழங்கால்ல அதுதான் தேஞ்சு போச்சு. உங்க ரெண்டு காலேஜுக்கும் நடுவுல மூட்டு சரியில்லைன்னா, அதுக்கு இவ ஏன் ஒரு வருஷம் நொண்டணும்?”

மரிபெல் மேஜைக்கு அடியில் சித்தியின் தொடையைக் கிள்ளினாள். ஆனால் ஹால்வர்சன் சிரித்துவிட்டார். தனக்கும் வலது முழங்கால் அப்படித்தான் என்றார்.

அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது மரிபெல்லுக்கு. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து போய்ச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் மேடுபோல ஏறி இறங்கும் வளைகோடு ஒன்றை வரைந்தாள். தங்கள் பகுதியில் மூச்சிரைப்பால் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கணக்கை வகுப்பே சேர்ந்து திரட்டியதைச் சொன்னாள். அறுவடைக் காலத்தில் எண்ணிக்கை ஏறுவது தற்செயலா, அதற்குக் காரணம் ஏதும் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கோட்டின் ஓரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். முதல் தடவை தாங்கள் போட்ட கணக்கு மொத்தமும் தப்பு, சார் ஒரு வார்த்தை திட்டாமல் திரும்பப் போடவைத்தார் என்றாள். பேசப் பேச அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பாதிக்குமேல் சித்திக்குப் புரியவில்லை. ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

ஹால்வர்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

ஒரு வழி இருக்கிறது என்றார். துறையில் அந்தப் பாடம் நடத்துபவர் இரண்டும் சமம்தான் என்று சொல்லிவிட்டால், இப்போதே ஏற்றுக்கொள்ள விதி இடம் தருகிறது. தனக்குக் கணக்கு வராது, அவர் வாக்குதான் முடிவு.

“ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன். எங்க புள்ளியியல் சார் வாரத்துல ரெண்டு சாயங்காலம்தான் வர்றார். அவர் வகுப்புல இடம் பிடிக்கப் பசங்க அடிச்சுக்கறாங்க. அதோட ஒரு ஊர்க் காலேஜ் பாடத்தை நிறுத்துப் பார்த்தா, எனக்கென்னமோ ஈடாகும்னு தோணல.”

“எங்க சார் யாருக்கும் சளைச்சவர் இல்ல மேடம்,” என்றாள் மரிபெல்.

ஹால்வர்சன் தொலைபேசியை எடுத்தார். பேசிவிட்டு, புள்ளியியல் சார் இப்போதுதான் வந்து காரை நிறுத்திக்கொண்டிருக்கிறார், நேராக இங்கேயே வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். சித்தி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். மரிபெல்லால் உட்கார முடியவில்லை. பலகையில் கோடு ஓரிடத்தில் கோணலாக இருந்தது. அதை அழித்துத் திருத்தப் போனாள். அது இன்னும் கோணிக்கொண்டது.

கதவு திறந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். முதுகுக்குப் பின்னால் ஹால்வர்சன் கல்லூரியின் பெயரையும் பாடத்தின் பெயரையும் சொல்லி விஷயத்தை விளக்குவது கேட்டது.

“மனசுல பட்டதை மறைக்காம சொல்லுங்க சார். அந்தக் காலேஜ்ல நடத்தறவர் உங்க அளவுக்கு நடத்தியிருப்பாரா?”

வந்தவர் பலகையையும் அதன் முன்னால் நிற்பவளையும் பார்த்தார்.

“இங்கே நடத்தறதைவிட நல்லாவே நடத்தியிருப்பேன் மேடம். அங்கே எனக்குக் காலை வகுப்பாச்சே, தொண்டை தெளிவா இருக்கும்.”