எடுக்காத விரல்

ஸ்விட்ச் அறையில் புகை கிளம்பியதும் சைரன் அலறியது. அறைக்கு வெளியே பேனல் முன் நின்றவள் தடுப்புப் பொத்தானை அழுத்தியபடி இருந்தாள். விரலை எடுத்தால் கரியமில வாயு அறையை நிரப்பிவிடும். நெருப்பும் அணையும், உள்ளே இருப்பவரின் மூச்சும் அடங்கும்.

"கையை எடும்மா! எல்லாம் சாம்பலாகப் போகுது!" என்று கத்தினார் புதிதாக வந்த மேனேஜர்.

"உள்ளே ஃபிட்டர் தூங்கறார் சார்."

"அவர் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அப்பவே வீட்டுக்குப் போயாச்சு!"

"போயிருக்க மாட்டார். ஏசி இருக்கறது இந்த அறையிலதான்."

"இந்தச் சைரனுக்குப் பிணம்கூட எழுந்து ஓடி வந்திருக்குமே!"

"அவர் எழ மாட்டார். பிடிச்சு உலுக்கணும்."

பொத்தான் மேலிருந்த விரலை மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் அவரோடு இருமிக்கொண்டே வெளியே வந்த ஃபிட்டரின் கையில், தலையணையாக மடித்த சட்டை இருந்தது.

கதவு மூடியதும் விரலை எடுத்தாள். வாயு சீறியது.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவர் வீட்டுக்குப் போகலைன்னு உனக்கெப்படிம்மா தெரியும்?"

ஃபிட்டரின் பக்கம் திரும்பாமலே அவள் சொன்னாள்:

"நேத்து போட்ட சண்டையில, வீட்டைப் பூட்டி ரெண்டு சாவியையும் நான்தான் எடுத்துட்டு வந்துட்டேன் சார்."