கவிழ்ந்து கிடக்கும் மேசை

கழக்கூட்டம் ஊரில் கொத்தனார் ராஜையன் வீட்டின் பின்முற்றத்தில் டிசம்பர் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. அவர் ஈரச்சாக்கை விலக்கி, அச்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றுகிறார். உள்ளே ஆறடி நீளத்துக்குக் கான்கிரீட், நடுவில் கரியடுப்பு வைக்க ஒரு சதுர ஓட்டை. துபாயிலிருந்து மகன் அஜீஷ் அனுப்பிய படத்தைப் பார்த்துச் செய்த மேசை. அவன் வந்ததும் எல்லாரும் இதைச் சுற்றி நின்று கோழி சுட வேண்டுமாம். மேல்முகம் கண்ணாடி மாதிரி வர வேண்டுமென்று கவிழ்த்து வார்த்திருக்கிறார். இனி புரட்டி, கட்டி வைத்திருக்கும் செங்கல் கால்கள்மேல் ஏற்ற வேண்டும். விளிம்பில் விரல் கொடுத்து முக்குகிறார். அசையவில்லை. நாற்பது வருஷ வார்ப்பு வேலையில் எப்போதும் சுற்றிலும் ஆள் இருந்தது. இதை வார்க்கும்போது ஆளைப் பற்றி நினைக்கவே இல்லை. மதிலுக்கு அப்பால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளின் அடுக்குமாடியில் சட்டைகள் காய்கின்றன. அங்கே கூப்பிட ஒரு பெயர்கூட அவருக்குத் தெரியாது.

உள்ளே டெலிபோன் பேச்சு முடிந்து, மனைவி எலிசாள் படியில் வந்து நிற்கிறாள். "கேட்டியளா, அவனுக்கு இந்தக் கிறிஸ்மஸுக்கும் லீவு இல்லியாம்."

"எளா, அந்தப் பக்கம் பிடி" என்கிறார் ராஜையன், நிமிராமல்.

பிடிக்கிறாள். இருவரும் மூச்சடக்கி இழுக்கிறார்கள். மண் லேசாகக் கரகரக்கிறது, அவ்வளவுதான்.

"தூக்கதுக்கு நாலு பேராவது வேணுமே" என்கிறாள் எலிசாள். சொன்ன பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். ராஜையன் சாக்கை மறுபடி நனைத்து, மேசைமேல் மெதுவாக இழுத்து மூடுகிறார்.