அழுகை ஒதுக்கீடு

சித்திரை முதல் நாள் காதுகுத்துக்கு, கூடத்தின் நடுவில் மங்கையின் அண்ணன் செங்குட்டுவன், அவன் மடியில் அவளுடைய ஒரு வயது மகள் இளவேனில், எதிரில் ஊசியுடன் ஆசாரி, பக்கத்தில் அவள் கணவன் முகிலன் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஆங்கில மாதம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம்தான் அழலாம். மீறினால் வீட்டைக் காலி செய்யவேண்டும். இரண்டு வாரமாகக் குட்டிக்கரணம் போட்டுக் குழந்தையைச் சிரிக்கவைத்து, மங்கை பதினொரு நிமிடம் மிச்சம் பிடித்திருந்தாள்.

ஊசி ஏறியது. குழந்தை ஆசாரியின் மீசையை இழுத்துச் சிரித்தது. மாமன்தான் ஓவென்று அழுதான்.

"மச்சான், போதும், அடக்குங்க!" என்று முகிலன் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை. சுவரில் அழுகையை அளக்கும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

"ஒரு காதோட நிக்குதே, அண்ணே!" என்றாள் மங்கை.

உடனே குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு எழுதினாள்: 'ஐயா, குழந்தைக்கு நிமிடம் வேண்டாம். அவள் மாமனுக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கித் தரவும்.' உறையை ஒட்டி, வாயில் துண்டைத் திணித்திருந்த அண்ணன் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.