எதிர் வீட்டுக்காரர்கள்

நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ரமீஜா எதிர் வீட்டுக் கஸ்தூரியின் கூடத்துக்குள் நுழைந்தபோது, வாசலில் வேட்பாளர் தணிகாசலத்தின் ஒளியுருவம் எழுந்து நின்றது. இந்தத் தேர்தலில் வீடு வீடாக அவர் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"நம்ம சாமிக்கே ஆபத்தும்மா. எதிர் வீட்டுக்காரங்களை நம்பாதீங்க."

யார் வீட்டு வாசல் என்று பார்த்து வேடம் போடும் அந்த உருவத்துக்கு, வீட்டுக்குள்ளே நிற்பது யார் என்று தெரியவில்லை.

ரமீஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் இதே ஆள் தொப்பி போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்று சலாம் சொல்லி, இதே எச்சரிக்கையைத்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

"இருங்கக்கா, இந்தாளை நேருக்கு நேரா நிறுத்துறேன்," என்று போய்த் தன் கதவையும் திறந்தாள். அங்கேயும் அவர் எழுந்தார். நடைவழிக்கு இந்தப் பக்கம் திருநீறு, அந்தப் பக்கம் தொப்பி.

ரமீஜா நடுவில் நின்று கேட்டாள். "ரெண்டு பேருமே சொல்லுங்க. இந்த மாடிக்கு ஏன் குழாயில தண்ணி வர்றதில்ல?"

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி ஒருவரையொருவர் காட்டினார்கள். "எல்லாம் எதிர் வீட்டுக்காரங்களாலதான்."

"தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா," என்று கஸ்தூரி காலிக் குடத்தை எடுத்துத் திருநீற்றுத் தணிகாசலத்தின் மேல் வீசினாள். அது அவருக்குள் புகுந்து, ரமீஜாவைத் தாண்டி, தொப்பிக்காரருக்குள்ளும் புகுந்து, ரமீஜா வீட்டு நிலைக்கண்ணாடியைச் சில்லுசில்லாக உடைத்தது.

தொப்பித் தணிகாசலம் ரமீஜாவின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா? நான் காலையிலேயே சொன்னேனே."