பதிவுப் படம்

மாலை வெயில் வாவித் தண்ணீரில் பட்டுத் திரும்பி, தையல் மெசினுக்கு மேலே கூரையின் அடிப்பக்கத்தில் நெளிந்துகொண்டிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆரையம்பதியில் கட்டிக்கொடுத்த இந்த வீட்டின் முன்னறைதான் இப்போது தர்சிகாவின் கடை. அவள் தைக்கிற குழந்தைச் சட்டைகள் பேஸ்புக்கில் விற்பனையாகி, பார்சலாக ஊர் ஊராகப் போகின்றன. வீட்டிலிருந்து விற்பவர்களும் வியாபாரத்தைப் பதிய வேண்டும் என்பதால், பிரதேச செயலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருக்கிறாள். "இடத்தை ஒரு படம் எடுத்திட்டா பதிவு முடிஞ்சிது" என்று போனை உயர்த்துகிறாள். பதிவு, படம் என்ற சொற்கள் குசினி அடுப்படி வரை கேட்டுவிடுகின்றன. தர்சிகாவின் அம்மா நல்லம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, சுவரோடு முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறாள். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் வீடு வீடாகப் பதிந்தபோது, குடும்பத்தை இப்படித்தான் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "நீயும் வா புள்ள, பக்கத்தில நில்லு" என்கிறாள். பிறகு, யாரும் கேட்காமலே, அன்று ஆமிக்காரருக்குச் சொன்ன அதே பணிந்த குரலில், "மூத்தவன் கட்டாரில வேலையில இருக்கான், சேர்" என்கிறாள். தர்சிகா கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் போனது இயக்கத்துக்கு, திரும்பி வரவில்லை. போன் மெல்லத் தாழ்கிறது. "இது கடைக்கு மட்டுந்தான் அம்மா. வீட்டு ஆக்களைப் பத்தி ஒண்டும் கேக்கமாட்டம்." நல்லம்மா சுவரை விட்டு நகரவில்லை. நீர் வெளிச்சம் இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்திலுள்ள வெறும் சுவரில் ஆடுகிறது.

"அப்ப, அவனை இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்களா?"